கிருஷ்ணகிரி – ஒகேனக்கல் – அஞ்செட்டி சைக்கிள் பயணம்: ஒன்பது பேராகக் கிளம்பி மூன்று கூட்டமாகத் திரும்பினோம்

#1 கிரி_பெடல்

ஞாயிறு இரவு வீடு வந்து சேர்ந்தபோது மணி 9:20. கால் வலி மூன்று நாளில் போய்விட்டது. மனசு மட்டும் இன்னும் அந்த மலைப்பாதையிலேயே நிற்கிறது. கூட்டமாக நெடுந்தூரம் போய் அடிபட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், தப்பு எங்கே என்று.

வழி இதுதான். முதல் நாள் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி, பென்னாகரம், ஒகேனக்கல். சுமார் 90 கிலோமீட்டர். மறுநாள் ஒகேனக்கல்லில் இருந்து நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், ராயக்கோட்டை சுற்றித் திரும்ப கிருஷ்ணகிரி. அது 120க்கு மேல். அதிலும் முதல் பாதி ஏற்றம். ஆறு பேர் வாராவாரம் கே.ஆர்.பி. அணை வரை மிதித்துவிட்டு வருகிறவர்கள். இரண்டு பேர் ஓசூர்க்காரர்கள். ஒன்பதாவது ஆள் என் சித்தி மகன். ஓட்ட ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதுவும் யாரோ கொடுத்த பழைய மலை சைக்கிளில். நான்தான் "வாடா, எல்லாம் சேர்ந்துதான் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளை எப்படிச் சொல்வது! காலை 5 மணி, மார்கழிப் பனி. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையுறைக்குள் விரல் மரத்துப்போய், காவேரிப்பட்டணத்தில் டீ கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமல் ஐந்து நிமிடம் நின்றேன். கூடவே நிப்பட்டு. கடித்தால் அந்தக் குளிரில் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அப்புறம் வெயில் எட்டிப் பார்த்ததும் சர்வீஸ் ரோட்டில் ஒன்பது பேரும் ஒரே வரிசை. ஒருத்தர் பின்னால் ஒருத்தர், சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு முழ இடைவெளி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகிக் கடைசிக்குப் போவார். ஒன்பது செயினும் ஒரே சத்தமாகக் கேட்டது. பேச்சே இல்லை. அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொல்லலாம். தருமபுரியில் எல்லோருமாகச் சேர்ந்து 61 இட்லி. பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒருமுறை பார்த்தார்.

பென்னாகரம் தாண்டிக் கணவாய் இறக்கம், காவிரி, மீன் வறுவல், எண்ணெய் மசாஜ். தண்ணீர் குறைவாக ஓடியதால் பரிசலும் ஓடியது. குரங்கு ஒன்று என் பையின் ஜிப்பைத் திறந்து நாலு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஜிப்பை அப்படியே விட்டுப் போனது. ராத்திரி விடுதியில் ஒருவர் விட்ட குறட்டையைப் பற்றி எழுதினால் இன்னொரு இழை வேண்டும்.

மறுநாள் 6 மணிக்குக் கிளம்ப வேண்டியது. அருவியில் ஒரு குளியல் என்று இரண்டு பேர் போய் 7:15 ஆகிவிட்டது. ஏற்றம் தொடங்கியதும் நாங்கள் நாலு பேர் முன்னால் போய்விட்டோம். நாட்றாம்பாளையத்தில் டீக்கடையில் உட்கார்ந்தோம். 10:30க்கு இன்னும் நாலு பேர் வந்தார்கள். தம்பி வரவில்லை. அவன் எங்களோடு இருப்பான் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள், அவர்களோடு இருப்பான் என்று நான். போனில் டவர் இல்லை. 11 மணிக்கு நானும் இன்னொருவரும் தேடிக்கொண்டு கீழே இறங்கினோம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "ஒருத்தரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாரு, அப்புறம் பார்க்கலை" என்றார். அது யானை நடமாடும் காடு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒருவனும் இல்லை. திரும்ப அதே ஏற்றம். நாங்கள் வந்தபோது ஓசூர்க்காரர்கள் இருவரும் இன்னொருவரும் கிளம்பிப் போயிருந்தார்கள்.

2 மணிக்கு அஞ்செட்டி போனால், தம்பி ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பஞ்சர் ஆகி, பிக்கப் வண்டியில் கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்து எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டானாம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றேன். "யாரிடம்?" என்றான். அதற்கப்புறம் கிருஷ்ணகிரி வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டினோம். இப்போது போன் எடுக்க மாட்டேன் என்கிறான்.

#2 ஏசி_பஸ்

தருமபுரியில் இருந்து ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஓடுகிறது. ஜன்னலோரம் கிடைத்தால் காற்றும் வரும். சும்மா சொல்லி வைத்தேன்.

#3 600இல்_தூக்கம்

நான் பிரவே ஓட்டுகிறவன், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். எங்கள் கணக்கு தனி. 200 கிலோமீட்டர் என்றால் 13½ மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. இடையில் கன்ட்ரோல்களில் (வழியில் இருக்கும் சோதனை இடங்கள்) அந்தந்த நேரத்துக்குள் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டியதில்லை. நடுராத்திரி ரோட்டோரம் பெட்ரோல் பங்க் திண்ணையில் நான் படுத்துக் கிடந்தபோது, கூட வந்தவர் எழுப்பி "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோபமே வரவில்லை. ஏனென்றால் பேச்சே அதுதான்.

உங்கள் விஷயத்தில் பேச்சு "சேர்ந்து போவோம்". ஓட்டியது பிரவே மாதிரி.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். முதல் நாள் ஒன்பது பேரும் ஒன்றாகப் போனது அன்பினால் மட்டும் இல்லை. சமதளத்தில் 28, 30 வேகத்தில் போகும்போது முன்னால் இருப்பவர் காற்றை வெட்டுகிறார், பின்னால் ஒட்டி வருகிறவருக்கு உழைப்பில் கால் பங்காவது மிச்சம். விலகினால் நஷ்டம், அதனால் ஒட்டிக்கொள்கிறோம். ஏற்றத்தில் 7, 8 வேகம். காற்று ஒரு பொருட்டே இல்லை, உடம்பு எடைதான் கணக்கு. அங்கே அந்தப் பசை விட்டுப்போகிறது. ஆளாளுக்கு அவரவர் கால் சொன்னபடி பிரிவது இயற்கை. பிரியட்டும். ஆனால் கடைசியில் யார் என்று காலையிலேயே ஒரு ஆளைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அனுபவசாலியாக, பொறுமைசாலியாக இருக்க வேண்டும். அந்த வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

#4 முள்ளெடுக்கிறவன்

பாலக்கோடு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சண்டை கிடக்கட்டும். எனக்கு வேண்டியது இது: பின்சக்கரமா முன்சக்கரமா? முள்ளா, கம்பியா? டியூப் என்ன சைஸ்? பம்ப் யாரிடம் இருந்தது?

பொதுவாகச் சொல்கிறேன். நம் பக்கம் ரோட்டோரம் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்ட நாளில் கடையில் கூட்டம் அலைமோதும். அந்த முள் டயரில் குத்தினால் உடனே காற்று போகாது. முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும். மெதுவாக இறங்கும், சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு "இன்றைக்கு ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். டியூப் மாற்றியவுடன் கிளம்பிவிடாதீர்கள். டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முனை அங்கேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் காலி. பஞ்சில் தடவினால் இன்னும் நல்லது, இழை மாட்டிக்கொள்ளும், விரலும் பிழைக்கும்.

#5 நெல்லிக்கனி

பம்ப் யாரிடம் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லாததைக் கவனித்தேன் 🙂

நான் தருமபுரி. நாங்கள் ஐந்து பெண்கள், அரூர், தீர்த்தமலை வரை போய் வருவோம். எங்கள் கூட்டம் உடைந்ததே இல்லை. காரணம் பெருந்தன்மை எல்லாம் இல்லை, கழிப்பறை. ஒதுங்க ஒரு பெட்ரோல் பங்க் பார்த்தால் ஐந்து பேரும் நிற்போம், ஒருத்தி உள்ளே போனால் மற்றவர்கள் காவல். அதனால் 20, 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாகவே தலை எண்ணிவிடும். ஆண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் எங்கேயும் நிற்பதில்லை போல.

தம்பி சாப்பிட்டாரா என்று யாராவது பார்த்தீர்களா? நான் முதல்முறை நூறு கிலோமீட்டர் போனபோது பாப்பாரப்பட்டியில், சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை நடுங்கியது. சும்மா சும்மா அழுகை வந்தது, யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. கூட வந்த அக்கா கடலைமிட்டாயைப் பிட்டு வாயில் போட்டு, "இது கோபம் இல்லடி, பசி" என்றார். உடம்பில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு ஒன்றரை, இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குத்தான் தாங்கும். அதற்கப்புறம் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம். பசித்த பிறகு சாப்பிடுவது வீட்டில் சரி. சைக்கிளில் அது ரொம்பத் தாமதம். அன்றைக்கு எதிர் வீட்டில் இருந்த பாட்டி ஒருத்தர் ஒரு சொம்பு கூழ் கொடுத்தார். கூட ஒரு பச்சை மிளகாய். அந்தச் சொம்பை இன்றைக்கும் அடையாளம் சொல்வேன்.

#6 கிரி_பெடல்

பின்சக்கரம். முள் என்றுதான் நினைக்கிறேன். பம்ப் என் பையில் இருந்தது. நாலு டியூபும் என் பையில்தான் இருந்தது.

ஆமாம்.

#7 பால்கேன்

தம்பிமார்களே, எனக்கு வயது 63. காவேரிப்பட்டணத்துக்கு ஊரில் இருந்து 11 கிலோமீட்டர், கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டி, விடிவதற்கு முன்னால் மிதித்தவன். அதற்கு யாரும் நெடுந்தூரப் பயணம் என்று பெயர் வைக்கவில்லை. பால் தளும்பினால் சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும், அந்த இழுப்புக்கு உடம்பை எதிராகக் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் நான் நடந்தால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்வேன்.

ஒரு ஆடிப்பெருக்குக்கு எட்டுப் பேர் ஒகேனக்கல் போனோம். ஆறு வாடகை சைக்கிள், அதில் இரண்டில் டபுள்ஸ். கியர் ஏது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதுதான் கியர். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து, செருப்பைத் தரையில் உரசிக்கொண்டே போனோம். ஆளுக்கு ஒரு புளிசாதப் பொட்டலம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் யாரையும் விட்டுவிட்டு வரவில்லை. நல்லவர்கள் என்பதால் இல்லை. ஆள் குறைந்தால் சைக்கிள் குறையும், வாடகைக் கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது? ஒவ்வொரு பாலத்திலும் நின்று சைக்கிளை எண்ணினோம். ஆளை எண்ணவில்லை.

#8 ஓசூர்_குளிர்

கிளம்பிப்போன "ஓசூர்க்காரர்களில்" ஒருவன் நான். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கிரி, நீங்கள் கீழே இறங்கும்போது "நாங்கள் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுவோம்" என்று சொன்னேன். தலையாட்டினீர்கள். இப்போது நினைத்தால் அந்த நேரத்தில் உங்கள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது என்று தெரிகிறது. எங்களுக்கு அது சாக்கு இல்லை. இந்த மாதங்களில் கர்நாடகப் பக்கத்தில் இருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு இறங்கும், ராகி விளைச்சலுக்காக. பொழுது சாய்ந்த பிறகு அந்த ரோட்டில் சைக்கிளில் இருப்பது வீரம் இல்லை. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் 900க்குப் பக்கம். உங்களுக்குக் கடைசியில் ராயக்கோட்டை தாண்டினால் இறக்கம் உண்டு. எங்களுக்கு அது கிடையாது.

அப்படி அவசரமாகப் போனதற்குக் கூலியும் கிடைத்தது. தேன்கனிக்கோட்டைக்கு முன்னால் ரோட்டில் ராகிக் கதிர் போட்டிருந்தார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. மெத்தை மாதிரி இருக்கிறது என்று மேலேயே விட்டேன். கீழே மணி, மேலே தாள். முன்சக்கரம் சோப்பு மேல் ஏறிய மாதிரி போனது. முழங்கையில் தோல் இல்லை. அந்த அம்மா ஓடி வந்து முதலில் கதிரைச் சரி செய்துவிட்டு அப்புறம்தான் என்னைத் தூக்கினார். நியாயம்தான், ஒரு வருஷத்துச் சாப்பாடு அது. எல்லோருக்கும் சொல்கிறேன்: ராகியோ கொள்ளோ ரோட்டில் கிடந்தால் தூரத்திலேயே வேகம் குறையுங்கள், அதன் மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காதீர்கள், திருப்பவும் செய்யாதீர்கள். முடிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

#9 ஏசி_பஸ்

முழங்கைக்கு மஞ்சள் வைக்காதீர்கள், சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று பாருங்கள். (ஆமாம், எனக்கும் ஒரு காலத்தில் சைக்கிள் இருந்தது.)

#10 மெதுவா_வரேன்

அண்ணா, இழையை யாரோ அனுப்பினார்கள். புதுக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன்.

முதல் மூன்று வளைவு வரைக்கும் உங்கள் மஞ்சள் சட்டை தெரிந்தது. அப்புறம் குரல் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, மேலே நிற்பீர்கள் என்று தெரியும். 9:15 போலக் காற்று இறங்கியது. முதலில் எனக்குத் தெம்பு இல்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தேன், முள்ளெடுக்கிறவன் சொன்ன மாதிரியே. ரிம் தரையில் தட்டும் சத்தம் கேட்டுத்தான் இறங்கினேன். தண்ணீர் பாட்டிலில் இரண்டு விரற்கடை இருந்தது. வாழைப்பழத்தைக் குரங்கு எடுத்தது உங்கள் பையில், ஆனால் அதில் இரண்டு என்னுடையது.

ஒரு மணி நேரம் தள்ளினேன். அந்தக் காட்டில் ஒரு மணி நேரம் தனியாக நடந்தால் எல்லாச் சத்தமும் யானைதான். மூங்கில் ஒன்று சடசடத்தது, சைக்கிளை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், யானையை அது தடுத்துவிடும் போல. பிக்கப்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். பணம் வாங்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாட்றாம்பாளையத்தில் உங்களைப் பார்த்தேன். எட்டு சைக்கிளும் சாத்தி வைத்திருந்தது. யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நீங்கள் எல்லோரும் ஒட்டி நின்று சிரித்தீர்கள். கேபினைத் தட்டினால் வண்டி நின்றிருக்கும். கையையும் தூக்கினேன். தட்டவில்லை. ஒருத்தராவது திரும்பிப் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். வளைவு வந்துவிட்டது.

நீங்கள் தேடிக்கொண்டு திரும்பக் கீழே இறங்கினீர்கள் என்று அஞ்செட்டியில் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த ஏற்றத்தை இரண்டாவது முறை ஏறியிருக்கிறீர்கள். அதைக் கேட்ட பிறகு களி தொண்டையில் இறங்கவில்லை. அதனால்தான் போனும் எடுக்கவில்லை.

#11 நெல்லிக்கனி

இரண்டு பேருக்கும் என் பங்குக்கு ஒரு குட்டு. தம்பிக்கு ஒன்று அதிகம், இரண்டு பேர் யானைக் காட்டில் தேடியிருக்கிறார்கள்.

#12 முள்ளெடுக்கிறவன்

எல்லாம் சரி, டியூப் சைஸ் இன்னும் யாரும் சொல்லவில்லை.

#13 மெதுவா_வரேன்

26 இஞ்ச். தடி வால்வு.

#14 முள்ளெடுக்கிறவன்

கிரி, உங்கள் பையில் இருந்த நாலும் 700 சைஸ், மெல்லிய வால்வுதானே? எனக்குத் தெரியும், மற்ற எட்டுப் பேரும் ரோடு சைக்கிள், ஹைப்ரிட் சைக்கிள் என்றுதான் இருந்திருப்பீர்கள். நீங்கள் அவன் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் அந்த டியூபில் ஒன்றுகூட ஒழுங்காகப் பொருந்தியிருக்காது. பெரிய சக்கரத்து டியூபை மடித்துத் திணித்து ஊர் போய்ச் சேரலாம்தான், மடிப்பில் எப்போது வெடிக்கும் என்று தெரியாது. பம்ப் தலையாவது இரண்டு வால்வுக்கும் மாறுகிற வகையா? ஒட்டுப் போட பேட்ச், சொல்யூஷன் இருந்ததா?

#15 கிரி_பெடல்

ஒட்டு எதுவும் இல்லை. பம்ப் மெல்லிய வால்வுக்கு மட்டும்.

தம்பி, போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். பின்னால் வெள்ளையாக ஒரு பிக்கப்பின் பின்பக்கம் தெரிகிறது. மூட்டை மேல் ஒரு ஆள், கை பாதி தூக்கியிருக்கிறது. இதைத்தான் நான் நாலு நாளாக டிபியில் வைத்திருக்கிறேன்.

#16 பால்கேன்

அதை மாற்றாதீர்கள் தம்பி. ஒன்பது பேரும் இருக்கிற போட்டோ அது ஒன்றுதான் போல.

#17 மெதுவா_வரேன்

அண்ணா, சனிக்கிழமை அணை வரைக்கும் வருகிறேன். டியூபும் ஒட்டும் வாங்கிவிட்டேன். பம்ப் வாங்கக் காசு போதவில்லை, இரண்டு வால்வுக்கும் ஆகிறதாகப் பார்த்து நீங்கள் வாங்குங்கள். 5:30க்கு மேல் என்றால் நல்லது, பனியில் என் விளக்கு தெரியாது.

#18 முள்ளெடுக்கிறவன்

விளக்கு என்ன மாடல்?